தறியும் விளக்கும்

காஞ்சிமாநகரை நாடி வருவோருள் கோயில்களைத் தொழ வருவோர் ஒரு சாரார். பட்டுச் சேலை வாங்க வருவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பெரும்பாலும் காணாத காட்சி ஒன்று பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் பகுதிகளில் விடியற்காலையில் நிகழ்வதுண்டு. கதிரவன் எழுமுன்னரே தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவினை நீட்டிக் கட்டுவர். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைகளுக்குரிய இழைகள் அடங்கியிருக்கும். அறுந்த இழைகளை முடிந்து, சிக்கல்களை நீக்கி, அரிசிக் கஞ்சியைத் தடவி, இளவெயிலில் உலர்த்திச் சுருட்டுவர். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும்.

இப்பணிக்கு விறகும் வேண்டுவதில்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை. உலர்த்தும் தொழிலைக் கதிரவனும் காற்றும் கூலியின்றிச் செய்துவிடுகின்றன. எந்த வேலைக்கு எந்த ஆற்றல் போதுமோ அதனை அறிந்து அந்த அளவோடு பயன்படுத்துவதே ஆற்றற்சிக்கனம் எனப்படும். இதனை இந்நகரத்து நெசவாளர் நூலில் படித்து அறிந்தாரல்லர். தொழில் அவர்க்குக் கற்பித்தது.

தறி இருக்கும் வீட்டினுள் நுழைந்து பார்ப்போம். நெசவாளர் தரையோடு தரையாக அமர்ந்து, கால்களைக் குழியினுள் விட்டு மிதிகளை மிதிக்கிறார். கைகள் நாடாவை ஓட்டுகின்றன. தறியை இயக்குவது முழுவதும் உடலின் ஆற்றலே. உடல் ஒரு வண்ணமாகவும் கரை வேறு வண்ணமாகவும் அமையும் கோர்வைச் சேலையில், இரு வண்ண இழைகளும் சந்திக்கும் இடத்தில் பிணைப்புத் தவறாமல் இருத்தல் வேண்டும். மயிரிழை போன்ற பட்டில் இதனைக் கண்டு நெய்வதற்குக் கண்ணுக்கு நல்ல ஒளி தேவை. எனவே தறிக்கு மின்சாரம் வேண்டாவிடினும், தறியில் அமர்ந்திருப்பவர்க்கு விளக்கும், கோடையில் விசிறியும் வேண்டியிருக்கின்றன.

பழைய ஓட்டு வீடுகளில் இத்தேவையின் பெரும்பகுதியை வீட்டின் அமைப்பே நிறைவேற்றியது. நடுவில் முற்றம் இருந்தது. கூரையில் ஆங்காங்கே கண்ணாடி ஓடு பதித்திருந்தனர். பகலொளி தறியின்மேல் நேரே விழுந்தது. அந்த ஒளிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. விளக்கின் ஒளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு வண்ணங்கள் பகலொளியில் வேறுவேறாகத் தோன்றுதல் கூடும். அரக்கு நிறத்தையும் மாம்பழ நிறத்தையும் சரிபார்க்க விரும்புவோர் நூற்கண்டை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்ப்பது இதனால்தான். ஓட்டு வீடுகள் மறைந்து காங்கிரீட்டு வீடுகள் பெருகவே, பல வீடுகளில் முற்றம் மூடப்பட்டது. நண்பகலிலும் விளக்கேற்றி நெய்யும் நிலை வந்தது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பகலெல்லாம் விளக்கு எரிவதைவிடப் பெரிய வீண்செலவு வேறு என்ன இருத்தல் கூடும்?

இனிச் சாயப்பட்டறைக்குச் செல்வோம். வெப்பம் மிகுதியாகச் செலவாகும் இடம் அதுவே. பட்டுப்புழு நூற்கும் இழையின்மீது இயற்கையாகவே ஒருவகைப் பசை படிந்திருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. அதனை நீக்கினாலன்றிப் பட்டு மென்மையும் பளபளப்பும் பெறாது. சாயமும் செவ்வையாகப் பற்றாது. ஆதலின் சவர்க்காரமும் சோடாவும் கரைத்த கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் இழையைத் தோய்த்து எடுப்பர். சாயமேற்றுவதற்கும் வெந்நீரே வேண்டும்.

இங்கே இயற்கை விதி ஒன்றை உணர்ந்துகொள்ளுதல் நலம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை வெப்பநிலையை அடைந்து கொதிக்கத் தொடங்கியபின், அடுப்பில் எவ்வளவு தீயை மூட்டினாலும் அதன் சூடு மேலும் ஏறுவதில்லை. மிகுதியாகத் தரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கி வெளியேற்றுவதிலேயே கழிகின்றது. கொதி வந்தபின் தீயைத் தணிப்பவரும், தணிக்காமல் விடுபவரும் ஒரே சூட்டில்தான் வேலை செய்கின்றனர். எரிபொருட் செலவு மட்டுமே வேறுபடுகின்றது. வீட்டுச் சமையலுக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். உலை கொதித்தபின் தணலைக் குறைத்தாலும் அரிசி அதே நேரத்தில் வேகும். மூடி இட்டுச் சமைத்தால் ஆவியோடு வெப்பம் ஓடிப்போவது குறையும். கடலை, மொச்சை முதலியவற்றை முதல் நாள் இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் பெரிதும் சுருங்கும். அழுத்தச் சமையற்கலத்தினுள், அதாவது குக்கரினுள், ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் நீர் 100 பாகைக்கு மேலும் சூடேறுகின்றது. பருப்பு அதில் விரைந்து வேகும் காரணம் இதுவே.

மின்சாரத்திற்கு வருவோம். தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் ஆண்டிலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937 ஆம் ஆண்டிலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. இக்காலத்தில் காற்றாலைகளும் சூரிய ஒளித் தகடுகளும் துணை நிற்கின்றன. எனினும் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களின் பங்கு இன்னும் பெரிதாகவே உள்ளது. ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூர்க் கரைக்கு வந்து சேர்கின்றது. அதனை எரிப்பதால் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகின்றது; எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வீணாகின்றது. கம்பிகளில் வரும்போதும் சிறிது இழப்பு உண்டு. ஆகவே வீட்டில் சேமிக்கும் ஒரு யூனிட், நிலையத்தில் மூன்று யூனிட்டிற்கு ஈடான வெப்பத்தைச் சேமிப்பதாகும்.

யூனிட் என்பது 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம். நெசவாளர் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக, இரண்டு மாதங்களில் 50 நாள் நெய்வதாகக் கொள்வோம். பழைய குழல்விளக்கு ஒன்று, அதன் சோக்கையும் சேர்த்து ஏறத்தாழ 52 வாட் உண்ணும். அத்தகைய இரண்டு விளக்குகளுக்கு 52 யூனிட்டும், 75 வாட் விசிறி ஒன்றுக்கு 37½ யூனிட்டும் ஆக ஏறத்தாழ 90 யூனிட் செலவாகும். 20 வாட் எல்.ஈ.டி. குழல்கள் இரண்டும், 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறியும் இருப்பின் 35 யூனிட் போதும். ஒளியும் குறையவில்லை, காற்றும் குறையவில்லை. கருவி வாங்கும்போது அதன்மேல் ஒட்டியுள்ள விண்மீன் குறிகளை எண்ணிப் பார்ப்பது இக்கணக்கிற்கு எளிய துணை. இந்திய அரசு 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய முறை அது. ஒரே வகைக் கருவிகளுள் மிகுந்த விண்மீன்கள் உடையது குறைந்த மின்சாரத்தில் இயங்குவது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கத் தமிழ்நாட்டு அரசு 2016 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023 ஆம் ஆண்டில் அது 300 யூனிட்டாக உயர்ந்தது. கட்டணமே இல்லாதபோது சேமிப்பு எதற்கு? நெசவாளர் செலுத்தாத தொகையை அரசு மக்களின் வரிப்பணத்திலிருந்து மின்வாரியத்திற்கு ஈடு செய்கின்றது. அன்றியும், வரம்பைக் கடந்த யூனிட்டிற்குக் கட்டணம் உண்டு. தறி இருக்கும் வீடே குடியிருக்கும் வீடாதலால், குளிர்பதனப் பெட்டியும், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்வரை ஓடும் நீரேற்றியும் அவ்வரம்பை விரைவில் நெருங்கச் செய்யும்.

சிக்கனத்தை உலோபத்தோடு சேர்த்து மயங்குவாரும் உளர். விளக்கொன்றை அணைத்து மங்கலில் நெய்பவர் மாதத்திற்குச் சில யூனிட் மிச்சப்படுத்தலாம். ஆனால் இழை தவறினால் நெய்த பகுதியைப் பிரித்து மீண்டும் நெய்ய நேரும். கண்ணோ நாளடைவில் களைத்துவிடும். பதினைந்து நாள் உழைப்பில் உருவாகும் சேலைக்கு முன் அந்தச் சேமிப்பு எம்மாத்திரம்? மாணவர் மங்கிய ஒளியில் படிப்பதும் இத்தகையதே. குறைக்கத் தக்கது வீணே தவிர, தேவை அன்று.

காங்கிரீட்டுத் தளம் இடுவோரும் தறி அமையும் இடத்திற்கு நேர்மேலே ஒரு சதுரத்தை விட்டுவைத்துத் தடித்த கண்ணாடி பதித்துக்கொள்ளலாம். தளம் வார்க்குமுன் அதனைக் கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்; வார்த்தபின் உடைத்துத் திறப்பது செலவும் மிகும், மழையொழுக்கிற்கும் இடந்தரும். கண்ணாடியின் மேற்புறத்தை மாதம் ஒருமுறை துடைத்து வந்தால், காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரையில் தறிக்கு வேறு விளக்கு பெரும்பாலும் வேண்டியிராது.