லக்சாம்: ஊரை விட்டு அகலாத உணவு

மலேசியா என்றதும் நூடுல்ஸ் உணவுகளான பினாங்கு அசாம் லக்சாவும் கறி லக்சாவும் பலருக்கு நினைவுக்கு வரும். கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு மாநில மலாய்க்காரர்கள் காலையில் பசியாறும் லக்சாம் அந்த அளவுக்கு வெளியே தெரியாது. தாய்லாந்து எல்லைக்குள் பட்டாணி, நராத்திவாட் பகுதி மலாய்க்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

லக்சாமும் நூடுல்ஸ் வகைதான், ஆனால் இழை கிடையாது. அரிசி மாவில் கொஞ்சம் கோதுமை மாவும் உப்பும் சேர்த்து நீர்க்கக் கரைக்கிறார்கள். எண்ணெய் தடவிய தட்டில் அதை மெல்லியதாக ஊற்றி, சில நிமிடம் ஆவியில் வைத்தால் வெள்ளைத் தகடாக வெந்துவிடும். அந்தத் தகட்டைப் பாயைப்போல் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்குவார்கள். அரிசி மாவில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இல்லாததால் தகடு எளிதில் கிழியும். கோதுமை மாவு அதற்கு இழுவை தருகிறது.

குழம்புக்குப் பெரும்பாலும் கெம்போங் மீன், நம் காணாங்கெளுத்தி. அதை அவித்து, முள் நீக்கி, சதையைச் சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகுடன் அரைத்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுகிறார்கள். மஞ்சளோ மிளகாயோ சேர்ப்பதில்லை. அதனால் குழம்பு வெள்ளையாகவே இருக்கும். தீ கூடினால் பாலின் புரதம் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஆகவே சிறு தீயில் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும்.

துண்டுகள்மேல் குழம்பை ஊற்றியதும், அது சுருளின் மடிப்புகளுக்குள் இறங்கும். மேலே பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், பயற்றங்காய், முளைப்பயறு, காரமணமுள்ள கெசும் இலை. ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய் சம்பால். கிளந்தான் ஆற்றுச் சமவெளியின் நெல்லும், கரையோரத் தென்னையும், தென்சீனக் கடலின் மீனும் ஒரே தட்டில் கூடுகின்றன.

இவ்வளவு ருசியான உணவு ஏன் ஊரோடு நின்றது? அரிசி மாவின் இயல்பும் ஒரு காரணம். வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறியபின் அதன் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்காகின்றன, தகடு விறைக்கிறது. குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். சேமியாவைப்போல் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கடல் கடந்து அனுப்பும் பண்டம் அல்ல இது.

அன்றன்று செய்து அன்றன்றே விற்கும் கைகளால்தான் லக்சாம் வாழ்கிறது. கிளந்தானிலுள்ள கோத்தா பாருவில் பெண் வியாபாரிகள் நிறைந்த சித்தி கதீஜா சந்தைக்குப் போகிறவர்கள், காலையிலேயே போய் ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அடுத்த தலைமுறை இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள, வாங்குகிறவர்கள் இருந்தாக வேண்டும்.