புயத்தசை கிழிந்தால்

நான் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற நாளில், என் அறைத்தோழன் தன் இரும்புப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தான். படியில் பெட்டி நழுவிற்று. மடித்திருந்த வலக்கையால் அதைத் தாங்க முயன்றான். பாரம் கையைச் சட்டென்று நீட்டிவிட்டது. 'டப்' என்று ஓர் ஓசை! முழங்கை மடிப்பைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உதவி செய்வதாக எண்ணி நான் தைலம் கொணர்ந்து அழுத்தி உருவினேன். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தேன். வீக்கம் முன்னிலும் மிகுந்தது. இரண்டுமே தவறு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

தசை என்பது பல இழைகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு போன்றது. அவ்விழைகளின் ஊடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இழை கிழியும்போது குழாய்களும் கிழிந்து, உள்ளுக்குள்ளேயே குருதி கசிகிறது. வெப்பம் குழாய்களை விரியச் செய்யும், கசிவு பெருகும். உருவுதலோ, அடைபடத் தொடங்கிய வாயை மீண்டும் திறந்துவிடும். ஆதலால் முதல் மூன்று நாட்களுக்கு இவ்விரண்டும் ஆகா.

பின் செய்யத்தக்கது யாது? வேலையை அக்கணமே நிறுத்த வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 அல்லது 20 நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். வெறும் தோலின்மேல் வைத்தால் தோல் புண்ணாகும். இரண்டு மூன்று மணி கழித்து மீண்டும் வைக்கலாம். நாள் முழுதும் வைத்திருப்பது நன்றன்று. 1978-இல் இம்முறையைத் தம் நூலால் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் அவர்களே, மிகுதியான குளிர்ச்சி ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தம் பெயர் பெற்ற கொள்கையைத் தாமே திருத்துவது எளிதா என்ன! வலி தணியும் அளவுக்கே பனிக்கட்டி போதும். நீளும் கட்டுத்துணியை இறுக்காமல் சுற்றி, கழுத்திலிருந்து ஒரு துணியில் கையைத் தாங்கவிடலாம். படுக்கும்போது தலையணைமேல் கையை உயர்த்தி வைத்தல் நலம்.

என் தோழனுக்கு நான்கு நாளில் வலி குறைந்தது. "குணமாகிவிட்டது" என்று இருவரும் மகிழ்ந்தோம். அங்கேதான் ஏமாந்தோம். இரண்டு மாதம் கழித்தும் அறைப் பூட்டில் சாவியைத் திருக அவனால் இயலவில்லை. புயத்தின் முன்புறமுள்ள இருதலைத் தசை, முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. அதன் கீழ்த் தசைநாண் எலும்பிலிருந்து அறுந்தாலும், மடக்கும் வேலையை வேறு தசைகள் ஓரளவு ஏற்றுக்கொள்ளும்; திருப்பும் வலிமையிலோ ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விடும். அறுந்த நாணை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தைத்து இணைப்பது எளிது. நாள் கடந்தால் அது மேலே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். "அன்றே ஏன் வரவில்லை?" என்று மருத்துவர் வினவியபோது, தோழன் என்னைப் பார்க்கவில்லை. அது அவன் பெருந்தன்மை.

மாணவர்களே, சிறு கிழிசல்கள் சில வாரங்களில் தாமே ஆறும். ஆயின் ஓசை கேட்டாலோ, முழங்கை மடிப்பில் கன்றிய நிறம் பரவினாலோ, தசை தோள்பக்கம் திரண்டு நின்றாலோ, உள்ளங்கையைத் திருப்ப வலுவில்லையேனும், வலி பொறுக்கத்தக்கதாயினும், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். விரல்கள் வெளுத்தோ மரத்தோ போனால் முதலில் கட்டைத் தளர்த்துங்கள். அதன் பின்னும் மரப்பு நீங்காமல், புயம் கல்போல் இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.