எண்ணைச் சொன்னால் உறவு தெரியும்

மாணவ நண்பர்களே, 391ஆம் குறள் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று உங்களை யாரேனும் கேட்டால் என்ன செய்வீர்கள்? திருக்குறள் நூலைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. 391இலிருந்து 1ஐக் கழியுங்கள், 390. அதை 10ஆல் வகுத்தால் ஈவு 39. ஈவுடன் 1ஐக் கூட்டினால் 40. ஆகவே நாற்பதாம் அதிகாரம், அதாவது 'கல்வி'. 400ஆம் குறளுக்கும் இவ்வாறே செய்து பாருங்கள். 399ஐ 10ஆல் வகுத்தால் ஈவு 39, மீதி 9. மீதியை விட்டுவிட்டு ஈவுடன் 1ஐக் கூட்டினால் அதே 40 கிடைக்கும்.

நூலைத் திறக்காமலே, எண் ஒன்றை மட்டும் கொண்டு, ஒரு குறள் எதனுள் அடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டோம். இது எப்படி முடிந்தது? 133 அதிகாரங்களிலும் சரியாகப் பத்துப் பத்துக் குறள்களே இருப்பதால்தான்.

ஆனால் எல்லா நூல்களும் இப்படி ஒழுங்காக அமைவதில்லையே! அங்கும் எண்ணைப் பார்த்தே உறவைச் சொல்ல முடியுமா? நூல்களையும் ஆவணங்களையும் சேமித்து வைக்கும் ஒருவகைக் கணிப்பொறி மென்பொருளை உருவாக்கியவர்கள் இந்தக் கேள்வியைத்தான் சந்தித்தார்கள். அவர்கள் கண்ட விடையை இங்கே பார்ப்போம்.

பெயர்ச் சீட்டு ஒட்டிய எழுத்து

ஓர் அச்சிட்ட நாடகத்தைப் பார்த்தவுடன் எது பேசுபவரின் பெயர், எது அவர் பேசும் வரி என்பது நமக்குப் புரிந்துவிடும். கணிப்பொறிக்குப் புரியாது. அதற்கு எல்லாம் வெறும் எழுத்துகளே. எனவே ஒவ்வொரு பகுதியின் முன்னும் பின்னும் பெயர்ச் சீட்டு ஒட்டுவது போலக் குறிகளை இட வேண்டியிருக்கிறது.

<பேச்சு>
<பேசுபவர்>ஹாம்லெட்</பேசுபவர்>
<வரி>…</வரி>
</பேச்சு>

இப்படிக் குறியிடும் முறைகளுள் ஒன்றுதான் எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 பிப்ரவரி 10ஆம் நாள் இதை ஏற்று வெளியிட்டது. குறிகளின் பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. மேலே உள்ளது போலத் தமிழிலும் எழுதலாம்.

இந்தக் குறிகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்குபவை. நாடகத்துள் அங்கம், அங்கத்துள் காட்சி, காட்சியுள் பேச்சு, பேச்சினுள் வரி என்று கிளை கிளையாகப் பிரியும். தாளில் வரைந்து பார்த்தால் தலைகீழாக நட்ட மரம் போல இருக்கும். இந்த மரத்தில் கிளை பிரியும் ஒவ்வோர் இடத்தையும் 'கணு' என்பர். மேலுள்ள கணு பெற்றோர். அதிலிருந்து பிரிபவை பிள்ளைகள்.

இத்தகைய மரங்களை அப்படியே சேமித்து, கேட்டதைத் தேடித் தருவது எக்ஸ்.எம்.எல். தரவுத்தளம். 'எக்ஸிஸ்ட்' என்பது அவற்றுள் ஒன்று. ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் மையர் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். யாரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க மென்பொருள் இது.

ஏன் எண் வேண்டும்?

"ஹாம்லெட் பேசும் பேச்சுகளுள் 'சிறை' என்ற சொல் எவற்றில் வருகிறது?" என்று தரவுத்தளத்தைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாடகம் முழுவதையும் முதல் எழுத்திலிருந்து படித்துத் தேடுவது வீண் வேலை. அதனால் புத்தகத்தின் பின்புறம் உள்ள சொல்லடைவைப் போல, தரவுத்தளமும் பட்டியல்களைத் தயாராக வைத்திருக்கும். பேசுபவர் ஹாம்லெட் என்று உள்ள கணுக்களின் எண்கள் ஒரு பட்டியலில் இருக்கும். 'சிறை' என்ற சொல் வரும் வரிகளின் எண்கள் மற்றொரு பட்டியலில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, ஒரே பெற்றோரைக் கொண்டவற்றைப் பொறுக்கினால் விடை கிடைத்துவிடும்.

பெற்றோர் யார் என்பதை எண்ணே சொல்லிவிட்டால் நாடகத்தைத் திறக்கவே வேண்டாம். குறள் எண்ணில் நாம் செய்ததும் இதுவே.

சமமற்ற கிளைகள்

'ஹாம்லெட்' நாடகத்தில் 5 அங்கங்கள் உள்ளன. அவற்றில் உள்ள காட்சிகள் முறையே 5, 2, 4, 7, 2. மொத்தம் 20. குறளைப் போல இவை சமமாக இல்லை.

இதற்கு முதலில் கையாளப்பட்ட வழி எளியது. 'இருக்கும் கணுக்களிலேயே அதிகப் பிள்ளைகள் உள்ளது எது என்று பார். எல்லாக் கணுக்களுக்கும் அத்தனை பிள்ளைகள் இருப்பதாகப் பாவித்துக்கொள்' என்பதே அது. அங்கம், காட்சி ஆகிய இரண்டை மட்டும் கருதினால், மிகுதியான எண்ணிக்கை 7. நாடகத்துக்கு எண் 1. அடுத்த மட்டத்துக்கு 2 முதல் 8 வரை. இவற்றுள் 2 முதல் 6 வரை ஐந்து அங்கங்கள். 7, 8 இரண்டும் காலி. அதற்கடுத்த மட்டம் 9இல் தொடங்கும்.

இப்போது பெற்றோரைக் காண ஒரு வாய்பாடு கிடைக்கிறது. எண்ணிலிருந்து 2ஐக் கழித்து, 7ஆல் வகுத்து, ஈவுடன் 1ஐக் கூட்டுங்கள். 24ஆம் கணுவின் பெற்றோர் யார்? 22ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 3. 1ஐக் கூட்டினால் 4. நான்காம் எண் மூன்றாவது அங்கத்துக்கு உரியது. அதன் பிள்ளைகளின் எண்கள் 23இல் தொடங்குவதால், 24 என்பது மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி.

அழகான முறைதான். ஆனால் இதில் இரண்டு இடர்கள் இருந்தன.

முதலாவது, வீணாகும் எண்கள். ஒரு கணுவுக்கு 1000 பிள்ளைகள் இருந்துவிட்டால் எல்லாக் கணுக்களுக்கும் ஆயிரம் ஆயிரமாக எண்களை ஒதுக்க வேண்டும். இரண்டாம் மட்டத்தில் 1000, மூன்றாம் மட்டத்தில் 10 லட்சம் என்று பெருகி, எட்டாம் மட்டத்தில் தேவைப்படும் எண்கள் 1க்குப் பின் 21 சுழிகள் இட்ட அளவாகிவிடும். கணிப்பொறியில் 64 இரும இலக்கங்களால் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஏறத்தாழ 18க்குப் பின் 18 சுழிகள் இட்ட அளவே. ஆக, பெரும்பாலும் காலியாக இருக்கும் ஒரு மரம் எண்களையெல்லாம் விழுங்கிவிடுகிறது! எக்ஸிஸ்ட் மட்டத்துக்கு மட்டம் வெவ்வேறு எண்ணிக்கையை அனுமதித்து இந்த இடரைக் குறைத்தது. எனினும் மிகப் பெரிய, ஒழுங்கற்ற ஆவணங்களை ஏற்க முடியாமல் போனது.

இரண்டாவது இடர் இன்னும் கடுமையானது. 'ஹாம்லெட்' 1604-05இல் அச்சான ஒரு பதிப்பிலும் 1623இல் வந்த நாடகத் தொகுப்பிலும் ஒன்றுபோல இல்லை. டென்மார்க் நாட்டையே சிறை என்று ஹாம்லெட் சொல்லும் உரையாடல் பிந்தியதில் உண்டு, முந்தியதில் இல்லை. முந்திய பதிப்பைச் சேமித்து வைத்த ஓர் ஆய்வாளர், இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் இவ்வுரையாடலைச் செருக விரும்புகிறார். செருகினால் பின்னால் உள்ள பேச்சுகளின் எண்கள் எல்லாம் நகரும். அவற்றின் பிள்ளைகளின் எண்களும் நகரும். பட்டியல்களில் உள்ள பழைய எண்கள் அனைத்தும் பிழையாகிவிடும். சிறு திருத்தம் ஒன்றுக்காக ஆவணம் முழுவதற்கும் புதிதாக எண் இட வேண்டிவரும்.

புள்ளி வைத்த எண்

எக்ஸிஸ்ட்டின் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. அதையடுத்து வந்த 1.1 பதிப்பின் தலையாய புதுமை, இந்த எண் முறையையே மாற்றியதுதான். லைப்சிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ போமே, எர்ஹார்ட் ராம் ஆகிய இருவரும் 2004இல் விளக்கிய முறையை அது எடுத்துக்கொண்டது.

நாடகத்துக்கு எண் 1. அங்கங்கள் 1.1, 1.2 என்று 1.5 வரை. மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி 1.3.2. பெற்றோரைக் காண வகுத்தல் வேண்டாம். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டால் போதும். 1.3.2இன் பெற்றோர் 1.3. காலி இடங்களுக்கு எண் ஒதுக்கவும் தேவையில்லை. இவை பதின்ம எண்கள் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். 1.9க்குப் பிறகு வருவது 1.10.

நூலகங்களில் புத்தகங்களைப் பகுக்க மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட முறையை இது உங்களுக்கு நினைவூட்டலாம். ஆனால் நடுவில் செருகுவதற்கு மற்றோர் உத்தியும் இங்கே தேவைப்பட்டது. 70ஆம் பேச்சுக்கும் 71ஆம் பேச்சுக்கும் நடுவே நம் ஆய்வாளர் புதிய பேச்சுகளைச் செருக வேண்டும் என்று கொள்வோம். அவற்றின் எண்கள் 1.2.2.70/1, 1.2.2.70/2 என்று அமையும். சாய்கோடு புதிய மட்டத்தைக் குறிப்பதில்லை. 70/1 என்பது 70இன் பிள்ளை அன்று; அதன் தம்பி! 71ஆம் பேச்சு அசையாமல் தன் இடத்திலேயே இருக்கிறது. ஏற்கனவே இருந்த எண்களுள் ஒன்றுகூட மாறவில்லை.

சுழியும் ஒன்றும் செய்யும் வேலை

கணிப்பொறிக்குப் புள்ளியும் தெரியாது, சாய்கோடும் தெரியாது. 0, 1 ஆகிய இரண்டே தெரியும். எனவே புள்ளிக்கு 0 என்றும் சாய்கோட்டுக்கு 1 என்றும் வைத்தார்கள். 1 முதல் 7 வரையுள்ள எண்களை நான்கு இலக்கங்களால் எழுதினார்கள். அப்படியானால்,

1.3.2 = 0001 0 0011 0 0010
1.3/1 = 0001 0 0011 1 0001

இவ்விரண்டையும் இடமிருந்து வலமாக ஒப்பிடுங்கள். முதல் ஒன்பது இலக்கங்கள் ஒன்றே. பத்தாவது இலக்கம் மேலே 0, கீழே 1. 0 சிறியது, ஆகவே 1.3.2 முன்னே வருகிறது. இதுதான் முறையும்கூட. மூன்றாம் அங்கத்தின் காட்சிகள் எல்லாம் முடிந்த பிறகுதானே, அதை அடுத்துச் செருகிய அங்கம் வர வேண்டும்? குறியீட்டை இப்படித் தேர்ந்தெடுத்ததால், படிக்கும் வரிசை தனிக் கணக்கு ஏதுமின்றித் தானாகவே அமைந்துவிடுகிறது.

8 முதல் 71 வரையுள்ள எண்களுக்கு எட்டு இலக்கங்கள். அவை 10 என்று தொடங்கும். நான்கு இலக்க எண்கள் அனைத்தும் 0 என்று தொடங்குவதால் 7க்குப் பின்னரே 8 வரும். எண் பெரிதாகப் பெரிதாக இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். 64 இலக்கம் என்ற பழைய எல்லை இங்கே இல்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இடையிடையே செருகிக்கொண்டே போனால் எண்கள் நீண்டுவிடும். ஒப்பிடும் நேரமும் கூடும். இடத்தைச் சிறிது செலவிட்டு, எண்களின் நிலைத்தன்மையை வாங்கியிருக்கிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுத் தரவுத்தள மென்பொருளும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை எண்களை மட்டும் இட்டு, இரட்டை எண்களைச் செருகலுக்கென்று ஒதுக்கிவைத்தது.

அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகள் எக்ஸிஸ்ட்டைக் கொண்டே வலைத்தளத்தில் படிக்கத் தரப்பட்டுள்ளன. அவ்வளவு பெரிய குவியலில் ஒரு சொல்லைத் தேடும்போது, புள்ளிகளும் சாய்கோடுகளும் கொண்ட எண்களே வழிகாட்டுகின்றன.

செய்து பாருங்கள்

1. இவற்றைப் படிக்கும் வரிசையில் அடுக்குக: 1.3, 1.2.10, 1.2/1, 1.2.9, 1.2/1.4, 1.2.
2. 1.2/1.4இன் பெற்றோர் யார்? 1.2/1இன் பெற்றோர் யார்?

விடைகள்: 1) 1.2, 1.2.9, 1.2.10, 1.2/1, 1.2/1.4, 1.3. 2) முதலாவதன் பெற்றோர் 1.2/1, இரண்டாவதன் பெற்றோர் 1.