கிளிஞ்சல் மேட்டுக்கு யார் காவல்?

ஹட் பே துறைமுகத்தில் இறங்கும் பயணிகள் அருவிகளையும் வெள்ளை மணல் கரையையும் விசாரிக்கிறார்கள். தொல்லியலை யாரும் விசாரிப்பதில்லை. லிட்டில் அந்தமானின் இந்தச் சிறு ஊரில் அருங்காட்சியகம் கிடையாது. தீவின் பூர்வகுடிகளான ஓங்கேகளின் பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே போர்ட் பிளேருக்கு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைநகருக்கு, கப்பலேற வேண்டும்.

அங்கே இந்திய மானிடவியல் ஆய்வுத் துறையின் அருங்காட்சியகத்தில் பழங்குடிகளின் கருவிகளும் புகைப்படங்களும் வரிசையாக உள்ளன. சுற்றிப் பார்த்தவர், மறைந்துபோன மக்களின் கதை இது என்று எண்ணிவிடக்கூடும். ஓங்கேகள் மறையவில்லை, குறைந்திருக்கிறார்கள். 1901இல் 672 பேர். 2011 கணக்கெடுப்பில் 101. 2004 டிசம்பரில் சுனாமி ஹட் பேயை நொறுக்கியபோது, அதே தீவின் டுகாங் கிரீக்கில் வசித்த ஓங்கேகள் மேட்டுப் பகுதிக்கு ஒதுங்கி உயிர் தப்பினார்கள்.

அந்தமானின் பழமைக்கு அசல் சான்று மண்ணில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தின்றுபோட்ட கிளிஞ்சல்கள், பன்றி எலும்புகள், உடைந்த மண்சட்டிகள் குவிந்து மேடுகளாகியிருக்கின்றன. ஸ்டோலிஸ்கா 1870லேயே இவற்றைப் பற்றி எழுதினார். பின்னாளில் தொல்லியலாளர் ஜரீன் கூப்பர், தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் அகழ்ந்த மேட்டுக்குக் கிடைத்த வயது சுமார் 2,200 ஆண்டுகள்.

புதிர் இங்கேதான் தொடங்குகிறது. ஓங்கேகளின் முன்னோர் பல பத்தாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்தவர்கள் என்று ஹைதராபாத் விஞ்ஞானிகளின் மரபணு ஆய்வு 2005இல் கூறியது. அவர்கள் வந்த காலம் பற்றி மற்ற ஆய்வாளர்கள் மாறுபடுகிறார்கள். ஆனாலும் மண்ணின் கணக்குக்கும் மரபணுவின் கணக்குக்கும் இடைவெளி பெரிது. பனியுகம் முடிந்து கடல் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்ததில் பழைய கரைகள் மூழ்கிப்போனது ஒரு காரணமாக இருக்கலாம். எஞ்சிய சான்றுகளைக் காட்டுக்குள்தான் தேடவேண்டும்.

அந்தக் காடும் நிம்மதியாக இல்லை. 1957இல் பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட தீவில், பிறகு குடியேற்றத்துக்காகப் பகுதிகள் விடுவிக்கப்பட்டன. 2021இல் வெளியே தெரியவந்த நிதி ஆயோக் திட்டம், புதிய நகரத்துக்கும் விமான நிலையத்துக்குமாக, மிஞ்சிய காப்பகத்திலும் ஒரு பகுதியைக் கேட்டது. வனத்துறை அதிகாரியே அதை எதிர்த்துக் குறிப்பெழுதினார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வில்லுக்குக் காவலாளி உண்டு. இன்னும் தோண்டப்படாத கிளிஞ்சல் மேடுகளுக்குக் காடுதான் காவல். லிட்டில் அந்தமானில் அந்தக் காட்டுக்குக் காவல், நூறு பேர் கொண்ட ஒரு சமூகம்.