நம் செயலி, அவர்கள் சர்வர்

2020 மே 6 அன்று ஐபோன் வைத்திருந்த பலருக்கு ஸ்பாட்டிஃபை திறக்கவில்லை. தொட்டால் ஒரு கணம் தோன்றி, உடனே மூடிக்கொண்டது. டிக்டாக், பின்டரெஸ்ட், டிண்டர் என வேறு பல செயலிகளுக்கும் அதே கதி. வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகள் ஒரே நேரத்தில் விழுந்ததற்குக் காரணம், அவை அனைத்துக்குள்ளும் இருந்த ஒரு பொது லைப்ரரி: செயலி உருவாக்குவோருக்கு ஃபேஸ்புக் தரும் நிரல் தொகுப்பான எஸ்.டி.கே.

உள்நுழைவு, விளம்பரக் கணக்கீடு, அறிவிப்பு அனுப்புதல் போன்றவற்றை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக எழுதுவதில்லை. பிறர் எழுதிய நிரலை எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை, அப்படிச் செய்யாவிட்டால் சிறு குழுக்களால் செயலியே உருவாக்க முடியாது. ஆனால் இத்தகைய லைப்ரரி தனியாக வருவதில்லை. அதன் மறுபாதி, அதை எழுதிய நிறுவனத்தின் கிளவுடில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செயலி திறந்ததும் ஃபேஸ்புக் லைப்ரரி தன் சர்வரிடம் அமைப்பு விவரங்களைக் கேட்கும். பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியல் வரவேண்டிய இடத்தில் அன்று வெறும் 'ஆம், இல்லை' வகை மதிப்பு வந்தது. வந்தது என்ன வகை என்று சரிபார்க்காமலே லைப்ரரி அதைப் பட்டியலாகப் பிரிக்க முயன்று கிராஷ் ஆனது. லைப்ரரியும் செயலியும் ஒரே புரோசஸில் ஓடுவதால், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். ஃபேஸ்புக் வழியாக ஒருபோதும் உள்நுழையாதவர்களும் இதில் மாட்டினார்கள். சரிசெய்யும் வழி ஃபேஸ்புக்கின் சர்வரில்தான் இருந்தது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று இன்னொரு மாற்றத்தால் இதே கூத்து மீண்டும் நடந்தது.

டெவலப்பர்கள் பலர் லைப்ரரியின் பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பூட்டு போனில் உள்ள பாதிக்கு மட்டுமே. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளுக்கான என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது உலகெங்கும் புதிய பில்டுகள் நின்றன; ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிளவுட் பின்னணி உள்ள லைப்ரரியோ, சோதித்து வெளியிட்டு மாதங்கள் கழிந்த செயலியையும் வீழ்த்தும். ஆகவே இத்தகைய லைப்ரரியைக் கூடுதல் கண்டிப்புடன் கையாள வேண்டும்.

சர்வர் ஒரேயடியாக மூடப்படுவதும் உண்டு. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய பார்ஸ் என்ற பின்னணிச் சேவையை மூடப்போவதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. ஓராண்டு அவகாசம் தந்து, சர்வர் நிரலைத் திறமூலமாக வெளியிட்டு, தரவை மாற்றிக்கொள்ளக் கருவியும் கொடுத்தது. மூடுவதென்றால் இப்படித்தான் மூட வேண்டும். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பிச் செயலி எழுத முடியாது.

என்ன செய்யலாம்? லைப்ரரியை நிரலெங்கும் நேரடியாக அழைக்காமல், நடுவே உங்களுடைய ஒரு மெல்லிய அடுக்கை வையுங்கள். நாளை மாற்ற நேர்ந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். லைப்ரரி இடம்கொடுத்தால், செயலி திறக்கும்போதே அதை எழுப்பாமல் தேவைப்படும்போது எழுப்புங்கள். அதை அணைத்துவிடும் வசதி உங்கள் சொந்த சர்வரில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தரவின் நகல் உங்களிடம் இருக்கட்டும். வெளியிடுமுன் அந்த கிளவுட் முகவரியை அடைத்துவிட்டு ஒருமுறை, வேண்டுமென்றே தவறான பதிலை அனுப்பி இன்னொரு முறை செயலியைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் வெளியிடாதீர்கள்.