புல்லட் மோட்டார் சைக்கிளில் பூட்டிய ஏர்

சௌராஷ்டிரப் பகுதியில் பருவமழையின் முதல் மழை விழுந்ததும் நிலக்கடலை விதைப்புக்குக் கிடைப்பவை சில நாட்களே. மேல்மண் காய்ந்துவிட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நாட்களில் சொந்த ஏர் மாடு இல்லாதவர் வாடகை டிராக்டருக்காகக் காத்துக் கிடப்பார். பெரிய பண்ணைகளை முடித்துவிட்டு டிராக்டர் அவரிடம் வருவதற்குள் ஈரம் போய்விடும். குஜராத் மாநிலம் அமரேலி மாவட்டத்தில் 1994-ஆம் ஆண்டு உருவான ‘புல்லட் சாந்தி’ என்னும் கருவிக்குக் காரணம் இந்த நெருக்கடிதான். குஜராத்தி மொழியில் சாந்தி என்றால் ஏர். அது ஓடும்போது எழும் சத்தத்துக்குத் தமிழ்ப் பொருளில் அப்பெயர் பொருந்தாது!

1985 முதல் 1987 வரை குஜராத்தைத் தொடர்ந்து வாட்டிய வறட்சியில் தீவனம் இல்லாமல் கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. எஞ்சியவற்றையும் பலர் விற்றார்கள். நல்ல மழை வந்த பிறகும் ஒரு ஜோடி காளை வாங்குவது எளிதாக இல்லை. சில வாரங்கள் உழைக்கும் மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும். நான்கைந்து ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது. டிராக்டரோ எட்டாத விலை.

அமரேலி மாவட்டத்தின் மோட்டா தேவ்லியா கிராமத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, டீசல் எஞ்சின் பழுது பார்ப்பதிலும் பண்ணைக் கருவிகள் செய்வதிலும் தேர்ந்தவர். பொறியியல் பட்டம் ஏதும் பெற்றவர் அல்லர். எஞ்சின், கியர், கிளட்ச், பிரேக், கைப்பிடி எல்லாவற்றையும் புதிதாகச் செய்து ஒரு சிறு டிராக்டரை உருவாக்கினால் விலை ஏறிவிடும். ஏற்கெனவே ஊரில் ஓடும் ஒரு வாகனத்தில் இவை அனைத்தும் இருக்கின்றனவே என்று அவர் கண்ட வாகனம்தான் புல்லட்.

மற்ற மோட்டார் சைக்கிள்களை விட்டுப் புல்லட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய புல்லட்டில் கியர் பெட்டி எஞ்சினோடு சேர்த்து வார்க்கப்பட்டதல்ல. அது தனிப் பெட்டியாக எஞ்சினின் பின்புறம் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் சக்தி ஒரு சங்கிலி வழியாகக் கிளட்சுக்குப் போகும். ஆகவே பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு வேறு எஞ்சினை வைத்தாலும் கியரும் கிளட்சும் அப்படியே உதவும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. புல்லட்டின் சட்டத்துக்கு அடிக்குழாய் கிடையாது. எஞ்சினே சட்டத்தின் அடிப்பகுதியாக நின்று முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிணைக்கிறது. எஞ்சினை மாற்றுபவர் கனமான இரும்புத் தகடுகளால் அந்த இடைவெளியை இணைத்தாக வேண்டும். இதை அரைகுறையாகச் செய்த வண்டிகளில் சட்டம் விரிசல் விடும். 2010-ஐ ஒட்டி வந்த புதிய புல்லட்டுகளில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் அமைந்துவிட்டதால் இம்மாற்றம் அவ்வளவு எளிதல்ல.

பட்டறைக்காரர்கள் மட்டும் செய்த வேலை அல்ல இது. சென்னை திருவொற்றியூரில் இருந்த என்ஃபீல்டு தொழிற்சாலையே பம்பு செட்டு வகை டீசல் எஞ்சினைப் புல்லட்டில் பொருத்தி ‘டாரஸ்’ என்ற பெயரில் விற்றது. இத்தாலியின் லம்பார்டினி வடிவமைப்பில் கிரீவ்ஸ் நிறுவனம் தயாரித்த 325 சி.சி. எஞ்சின் அது; 6.5 குதிரைத்திறன். பெட்ரோல் புல்லட்டின் திறனில் அது பாதிகூட இல்லை. ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்ததால் பால்காரர்களும் விவசாயிகளும் அதை விரும்பினார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அதன் உற்பத்தி நின்றது.

ஜகானி பயன்படுத்தியது 5.5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். ஒரு ஜோடி காளையின் இழுவை ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் என்று கொண்டால் இது போதும். டீசல் எஞ்சினின் கனத்த சுழல்சக்கரம் குறைந்த வேகத்திலும் விடாமல் இழுக்கும். வயலுக்கு வேண்டியது அதுதான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரங்களும் ஒரு குறுக்குச் சட்டமும் கொண்ட இணைப்பைப் பூட்டினார். அச்சட்டத்தில் கொத்துக்கலப்பை, களையெடுக்கும் தகடு, விதைக்கும் கருவி ஆகியவற்றை வேண்டியபடி மாற்றிக் கொள்ளலாம். வரிசைகளின் இடைவெளிக்கு ஏற்பக் கருவிகளை நகர்த்தலாம். உழவு முடிந்ததும் இணைப்பைக் கழற்றிப் பின்சக்கரத்தை மாட்டினால் மறுபடியும் மோட்டார் சைக்கிள்.

அரை மணிக்குள் ஓர் ஏக்கர் உழலாம், 2 லிட்டர் டீசல் போதும் என்று இக்கருவியைப் பற்றி எழுதப்படுகிறது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 15 சென்டிமீட்டர் அகலச் சால் பிடிக்கும் நாட்டுக் கலப்பையுடன் ஓர் ஏக்கர் உழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2 மீட்டர் அகலக் கருவியானால் 2 கிலோமீட்டர்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி ஆகும். எனவே மேலாகக் கிளறும் வேலைக்கும் களையெடுப்புக்கும் அரை மணி என்பது சரி. கருவியின் அகலத்தைக் குறைத்து ஆழமாக உழுதால் ஒரு மணியை நெருங்கும். டீசல் கணக்குத்தான் இடிக்கிறது. 5.5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச்சுமையில் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காது. அரை மணியில் 2 லிட்டர் செலவாக வழியில்லை. இரண்டு மூன்று சால் ஓட்டிய செலவை ஒன்றாகச் சொல்லியிருக்கலாம். விவசாயிக்குச் சாதகமான பிழைதான்; என்றாலும் பிழை பிழையே.

பருத்தி, நிலக்கடலை போன்ற வரிசைப் பயிர்களில் இடை உழவுக்கு இது மிகவும் ஏற்றது. சேற்று உழவுக்கு ஆகாது. கோடையில் இறுகிப்போன நிலத்தை ஆழ உழவும் ஆகாது. எடை குறைவானதால் சக்கரம் மண்ணைப் பற்றாமல் வழுக்கும். டீசல் வீணாகும், டயர் தேயும். சக்கரத்தின் மேல் எடை ஏற்றினால் பிடிப்பு கூடும்; ஆனால் அளவுக்கு மீறினால் சங்கிலி அறுந்துவிடும். டீசல் எஞ்சினின் அதிர்வில் போல்ட்டுகள் தாமாகவே தளரும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அவற்றை முடுக்குவது கட்டாயம். சங்கிலிக்கு மூடி இல்லாத வண்டியில் வேட்டி கட்டிக்கொண்டு உட்காரவே கூடாது.

வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் சட்டப் பிரச்சினை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பதிவுப் புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியில் டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டி, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

அகமதாபாதில் உள்ள பேராசிரியர் அனில் குப்தாவும் அவருடைய ‘தேனீ’ அமைப்பினரும் கிராமத்துக் கண்டுபிடிப்புகளைத் தேடித் தொகுத்து வருகிறவர்கள். அவர்கள் முயற்சியாலும், 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆதரவில் தொடங்கிய தேசியப் புத்தாக்க அறக்கட்டளையாலும் புல்லட் சாந்தி வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஜகானிக்கு இந்தியக் காப்புரிமையும் 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தன. சைக்கிளில் பொருத்தும் மருந்து தெளிப்பானையும் அவர் உருவாக்கியிருக்கிறார். இதற்கிடையே ராஜ்கோட், அமரேலிப் பட்டறைகள் இதே பாணியில் ஏராளமான வண்டிகளைச் செய்துவிட்டன. இன்று சௌராஷ்டிரத்தில் பரவலாகக் காணப்படும் ‘சனேடோ’ என்னும் சிறு டிராக்டரும் இதே வழியில் வந்ததே.

இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர், பட்டறை வாசலில் ஓட்டிக் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாமல் தம் நிலத்திலேயே ஓர் ஏக்கர் உழுது காட்டச் சொல்ல வேண்டும். டாங்கியை முழுவதும் நிரப்பி வேலையைத் தொடங்கி, முடிந்ததும் மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்தால் செலவு தெரிந்துவிடும். எஞ்சின் இணைப்புத் தகடுகளின் பற்றவைப்பையும் அப்போதே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.