எள்ளும் பிண்ணாக்கும்

எண்ணெய் என்னுஞ் சொல் எள்ளின் நெய்யையே முதலிற் குறித்தது. எள், நெய் என்னும் இரு சொற்களும் புணர்ந்து எண்ணெயாயின. பின்னர் அப்பெயர் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எனப் பரந்து மண்ணெண்ணெய் வரை சென்றுவிட்டது. எண்ணெய்க்கு இத்துணைச் சிறப்பு வாய்க்க, எஞ்சிய பிண்ணாக்கோ மாட்டுத் தொட்டிக்கு உரியதாயிற்று. அறிவிலியை வையும் சொல்லாகவும் ஆயிற்று. இவ்வசை தகுமா என்பதை ஆராய்வோம்.

எள்ளின் நிறையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஐந்திலொரு பங்களவு புரதம். செக்கில் எண்ணெய் வடிந்தொழியப் புரதம் பிண்ணாக்கிலேயே தங்குகின்றது. ஆதலின் அதன் செறிவு ஏறக்குறைய இருமடங்காகின்றது. அரிசியிலோ 100 கிராமுக்கு 7 கிராமளவே புரதமுண்டு. செக்கடியில் இளஞ்சூட்டோடு வாங்கிய பிண்ணாக்கைப் பனங்கட்டியோடு கடித்துண்ட பழைய மாணவர் இவற்றை அறியாமலே நல்லுணவு உண்டனர்.

எனினும் அளவு மட்டும் போதாது. புரதம் அமினோவமிலங்கள் கோத்த மாலை போன்றது. வேண்டிய மணியொன்று குறையின் ஏனைய மணிகள் மிகுந்திருந்தும் பயனில்லை. எள்ளில் மெதியோனின் மிகுதி, லைசின் குறைவு. உழுந்திலும் பயற்றிலும் நிலைமை மறுதலை. எள்ளோடு உழுத்தமாவுஞ் சேர்த்து இடிக்கும் எள்ளுப்பாகில் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருள் நெருக்கடியிற் பால்மாவும் முட்டையும் பல வீடுகளுக்கு எட்டாதனவாயின. வெறுந் தேநீரோடு வகுப்பில் வந்தமர்ந்த சிறுவரைக் கண்ட எமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

புரதத்தை நேரே நிறுப்பாரில்லை. கெல்டால் என்னும் டென்மார்க்கு நாட்டு வேதியியலார் 1883இல் வகுத்த முறைப்படி நைதரசனை அளந்து, அதனை 6.25ஆற் பெருக்குவது பொது வழக்கு. எள்ளுக்கு உரிய எண் 5.30 ஆகும். ஆகவே நூற்றுக்கு 40 எனக் குறித்த பிண்ணாக்கில் உண்மையில் இருப்பது 34 அளவே. விற்போர் பெரிய எண்ணையே விரும்புவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

எள்ளின் கோதில் நாரும் ஒட்சலேற்றும் உண்டு. கோதிலுள்ள கல்சியத்திற் பெரும்பங்கு அவ்வொட்சலேற்றோடு கட்டுண்டு உடலிற் சேராது கழியும். ஊறவைத்துத் தேய்த்துக் கோதகற்றினால் கசப்புங் குறையும். கருக வறுத்தலும் ஆகாது. முன்னமே குறைந்துள்ள லைசின் கடுஞ்சூட்டில் மேலுங் கெடும்.

அஞ்சத்தக்கது பூஞ்சணமே. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிறப்பித்த நஞ்சே காரணமென்று பின்னர்த் தெளிந்தனர். அப்லாதொட்சின் எனப்படும் அந்நஞ்சு அடுப்பின் சூட்டுக்கு எளிதில் அழியாது. ஈரம் பட்டுப் பூத்த பிண்ணாக்கை நாம் உண்ணாது மாட்டுக்கு வைப்போமெனச் சிலர் கருதுவர். மாடு தின்ற நஞ்சின் ஒரு கூறு, குழந்தைக்கெனக் கறக்கும் பாலிலும் இறங்குகின்றது.